சத்தமில்லாத வண்டி

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மாடு வளர்க்கும் ஆர்லிஸின் நாலு சக்கர வண்டி துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. பண்ணைக்கும் மான் வேட்டைக்கும் சேர்த்துப் புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும். மான்கள் மிரளாமலிருக்கச் சத்தமே வராத மின்வண்டிதான் வேண்டும் என்று அவள் புருஷன் டெல்மர் ஒற்றைக்காலில் நின்றான். கடைக்காரர் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார்.

டெல்மர் அதில் மேய்ச்சல் நிலத்துக்குப் போனான். மாடுகள் தலையைத் தூக்கவில்லை. வேலியோரத்து மான்கள், திடீரென்று பக்கத்தில் முளைத்த அந்தப் பொருளைக் கண்டு தலைதெறிக்க ஓடின.

மறுநாள் ஆர்லிஸ் பழைய வண்டியைப் படபடவென்று உறுமவிட்டு வைக்கோல் கொண்டுபோனாள். மாடுகள் ஓடிவந்தன. மான்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேய்ந்தன.

"தினமும் கேக்குற சத்தம்தானே டெல்மர், உன் குறட்டை மாதிரி. பழகிட்டா யாரு பயப்படுறா?"

மின்வண்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்த கடைக்காரர் பக்கம் டெல்மர் திரும்பினான்.

"இதே மாதிரி கத்துற வண்டி உங்ககிட்ட இருக்கா?"