அரைக் கதவு வண்டி

அந்த டிரைவருக்கு யாரையும் பிடிக்காது என்று கம்பெனியில் சொல்வார்கள். அது தவறு. ஒருவரைப் பிடிக்காமல் போவதற்கும் அவரைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் அல்லவா? டிரைவர் அந்தச் சிரமம் எடுத்துக்கொண்டதே இல்லை. பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்குவார், அந்த ஆளின் கணக்கு அத்தோடு முடிந்தது. மெத்தை தைக்கிறவர்கள், பஞ்சு அடைக்கிறவர்கள், வாட்ச்மேன் எல்லோரும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் நொட்டை. நொட்டை சொல்ல எதுவும் அகப்படாத நாளில் கண்ணாடியைப் பார்த்துத் தன் மீசைக்கே சொல்லிக்கொள்வார் என்று பேச்சு.

முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கை அது. லாரி ஓட்டினார், பள்ளிக்கூட வேன் ஓட்டினார், கொஞ்ச காலம் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஆம்புலன்ஸை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "படுத்துக்கிட்டு வர்றவன்கூட வழி சொல்றான்யா" என்பார். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமாக மெத்தைக் கம்பெனி முதலாளிக்கு டிரைவர். முதலாளி பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "மெதுவா, மெதுவா" என்பார். மாட்டு வண்டி வாங்கியிருக்கலாம் என்று டிரைவர் மனதுக்குள் பதில் சொல்வார்.

இப்படி இருக்கையில் முதலாளியின் சம்பந்தி ஒரு பெரிய கார் வாங்கினார். ஏணி போட்டு ஏறுகிற மாதிரி உயரம். முதலாளிக்கு வயிறு எரிந்தது. அதைவிட உயரமான கார் எங்கும் கிடைக்காததால், ஊரில் யாரிடமும் இல்லாத ஒன்றை வாங்குவது என்று முடிவு கட்டி, யாரோ வெளிநாடு போகிறவரிடமிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கூபேயைப் பிடித்துக்கொண்டு வந்தார். தரையோடு தரையாக, கருஞ்சிவப்பு நிறத்தில், தவளை குதிக்கப் பதுங்கியது போல இருந்தது. பார்க்க இரண்டே கதவு. ஆனால் முன் கதவைத் திறந்தால், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஓர் அரைக் கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். முன்னது திறக்காமல் பின்னது திறக்காது. பின்னால் இரண்டு சின்னச் சீட்டுகள், ஏழு வயதுக் குழந்தைக்கு அளவெடுத்தவை.

முன்னால் உட்கார்ந்து போகலாம், ராஜா மாதிரி போகலாம். ஆனால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலாளிக்கு மரியாதை என்ன ஆவது? எனவே அந்தப் பெரிய உடம்பை மடித்து, சுருட்டி, அரைக் கதவு வழியாகப் பின் சீட்டுக்குள் திணித்துக்கொள்வார். ஊருக்கெல்லாம் கால் நீட்டிப் படுக்க மெத்தை விற்கிற மனுஷன், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்ப்பார். வண்டியையும் முதலாளியையும் ஒரே உதட்டுப் பிதுக்கலில் முடித்துவிடுவார்.

"வண்டியா அது? செருப்பு டப்பா" என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

பள்ளிச் சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "நீங்க எதைத்தான் நல்லதுன்னு சொன்னீங்க? என்னையே பொண்ணு பாக்க வந்தப்ப காது பெருசுன்னு சொன்ன ஆளுதானே."

மூன்றாம் மாதம் வண்டி எண்ணெய் குடிக்கிறது என்று தெரிந்தது. மெக்கானிக்கிடம் போனார்கள். அவன் பானெட்டைத் திறந்து, எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டினான். "அண்ணே, எஞ்சின் போச்சு. ஆயில் எரிக்குது. இதைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு வேன் எஞ்சினை உள்ள வச்சிருவோம். ஜம்முனு ஓடும்."

அதுவரை டிரைவருக்கு வண்டி மேல் இருந்த இளக்காரம் பெரிதுதான். மெக்கானிக் மேல் இருந்தது அதைவிடப் பெரிது. இந்த அரைவேக்காடு ஒரு வண்டியைச் செத்ததென்று சொன்னால் அது உயிரோடு இருக்கிறதென்றுதானே அர்த்தம்? டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஆறு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். படித்ததும் மெக்கானிக்கை நினைத்துச் சிரித்தார். அந்த எஞ்சினில் பிஸ்டன் என்பதே கிடையாது. மேலும் கீழும் போகிற சமாச்சாரம் எதுவும் இல்லை. முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். அது எண்ணெய் குடிப்பது நோய் அல்ல, சாப்பாடு. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஊற்ற வேண்டியது, ஓட்ட வேண்டியது. அதுவும் பொத்திப் பொத்தி ஓட்டக் கூடாது, கரி பிடிக்கும்.

மறுநாள் முதலாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது புறவழிச் சாலையில் தனியாக இருந்தார். என்னதான் செய்யும் பார்ப்போம் என்று மிதித்தார். மற்ற வண்டிகள் போதும் போதும் என்று உதறுகிற இடத்தில் இது உதறவில்லை. முள் ஏறிக்கொண்டே போனது. சத்தம் மெலிந்து, கூர்மையாகி, ஒரே இழையாக நின்றது. கடைசியில் "கியரை மாற்று" என்று ஒரு பீப் ஒலி. அதுவரை அதற்குத் தெம்பு தீரவே இல்லை. பதினெட்டு வருஷம் மெதுவா, மெதுவா என்று கேட்ட காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்! டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் பயந்திருப்பார்கள்.

அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். இரண்டு டாங்க் பெட்ரோலுக்கு ஒரு முறை எண்ணெய் பார்த்தார். தன் பழைய பனியனை மூன்று தரம் துவைத்து மிருதுவாக்கி அதனால் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையிலும், "ஆயில் இருக்கான்னு ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

"இருபத்தாறு வருஷத்துல என் தலைக்கு ஒரு நாள் எண்ணெய் வச்சு விட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

எல்லாவற்றையும்விட அந்த வண்டியின் ஒரு குணம்தான் அவரைக் கட்டிப்போட்டது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் சூடாகும்வரை ஓடவிட வேண்டும். எடுத்த உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி, மறுபடி கிளம்பாது. வாட்ச்மேனுக்கு இது தெரியாது. ஒரு நாள் நிழலுக்காக நாலடி நகர்த்தி அணைத்துவிட்டான். டிரைவர் வந்து கை வைக்கும்வரை வண்டி அசையவில்லை. டிரைவர் அவனை ஒரு வாரம் திட்டினார், ஆனால் உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. விவரம் கெட்டவன் கை வைத்தால் கன்னத்தில் அறைகிற வண்டி! இத்தனை வருஷத்தில் தன் இனத்தைச் சேர்ந்த ஒரு ஜீவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு சம்பந்தி வீட்டு வாசலில் அந்த மானக்கேடு நடந்தது. முதலாளி பின் சீட்டிலிருந்து இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. சம்பந்தியும் அவர் மகனும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை முதலாளி பார்த்துவிட்டார்.

"வித்துடு" என்றார் திரும்பும்போது. "ஞாயித்துக்கிழமை ஒரு பல் டாக்டர் அம்மா பாக்க வர்றாங்க. வண்டியைத் துடைச்சு வை."

டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். பல்லைப் பிடுங்குகிறவளுக்கு இந்த வண்டியைப் பற்றி என்ன தெரியும்? கடைக்குப் போவாள், எடுப்பாள், அணைப்பாள். எண்ணெய் ஊற்ற மாட்டாள். ஒரு வருஷத்தில் யாராவது ஒரு மெக்கானிக் வேன் எஞ்சினை உள்ளே வைத்துவிடுவான். தானே வாங்கிவிட வசதி இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயும் இல்லை. வண்டி எங்கும் போகக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் செய்தது இதுதான். ஷெட்டிலிருந்த குளிர்ந்த வண்டியை எடுத்தார், வாசல்வரை பத்தடி கொண்டுவந்தார், உடனே அணைத்தார். சாவியைத் திருப்பும்போது "கோவிச்சுக்காதே" என்று வாய்க்குள் சொன்னார். கிளம்பாத வண்டியை யார் வாங்குவார்கள்? சாயங்காலம் தானே சரிசெய்துகொள்ளலாம்.

பல் டாக்டர் வந்தாள். நாற்பது வயது இருக்கும், பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. டிரைவர் உதட்டைப் பிதுக்கினார். முதலாளி, "எடுத்துக் காட்டுப்பா" என்றார். செல்ஃப் சுற்றியது, சுற்றியது, வண்டி கிளம்பவில்லை. இன்னொரு தடவை. இல்லை.

"ரிப்பேர் போலிருக்குங்க" என்றார் டிரைவர், வருத்தமான முகத்தோடு.

அவள் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பின்னால் போய்க் குனிந்து புகைக்குழாயை முகர்ந்தாள். நிமிர்ந்து, "காலையில கொஞ்ச தூரம் நகர்த்திட்டு உடனே ஆஃப் பண்ணீங்களா?" என்று கேட்டாள்.

டிரைவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

"எங்க அண்ணன்கிட்ட இதே வண்டி பதினோரு வருஷம் இருந்துச்சு. நான்தான் ஓட்டுவேன்" என்றாள் அவள். "இந்த எஞ்சினை அப்படி ஆஃப் பண்ணக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

முதலாளி அவரைப் பார்த்தார். தெரியும் என்றால், தெரிந்துகொண்டு ஏன் செய்தாய் என்று வரும்; பதினெட்டு வருஷச் சோறு போகும். தெரியாது என்றால் வாட்ச்மேனும் அவரும் ஒன்று.

"தெரியாதுங்க" என்றார்.

"பாவம், அவனுக்கு அவ்வளவு விவரம் பத்தாதும்மா" என்று முதலாளி பரிந்துகொண்டு வந்தார்.

"பரவால்ல, தெரியாததுல தப்பே இல்ல. இங்க வாங்க, சொல்லித் தர்றேன்." அவள் சொன்னது கேலியாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார், உண்மையான அன்பாக இருந்தது. சீட்டில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும், அப்போது பெட்ரோல் உள்ளே வராது. மிதித்தபடியே பத்து விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். விட்டு விட்டு அடிக்க வேண்டும். கையேட்டில் அது எத்தனையாவது பக்கம் என்பதுகூட டிரைவருக்குத் தெரியும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையாவது தப்பாகச் சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தார். சொல்லவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

அவர் சொன்னார். முதலில் ஆக்சிலேட்டர், பிறகு செல்ஃப், பத்து விநாடி. "அவ்வளவுதான்! டக்குனு பிடிச்சுக்கிட்டீங்களே" என்றாள் அவள்.

வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. முள் சூட்டுக்கு ஏறும்வரை அவள் அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்து, காகிதத்தில் கையெழுத்தாகி, அன்றே எடுத்துக்கொண்டு போனாள். போகுமுன் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்து, "யாரோ நல்லா பாத்திருக்காங்க" என்றாள் முதலாளியிடம். முதலாளி, நான்தான் என்பது போலச் சிரித்தார்.

தெருமுனை தாண்டியதும் அந்தச் சத்தம் மெலிந்து கூர்மையாவது கேட்டது. மிதிக்கத் தெரிந்த கால்தான். டிரைவர் கையில் பனியனை வைத்துக்கொண்டு காலி இடத்தைப் பார்த்து நின்றார்.

முதலாளி அவர் தோளைத் தட்டினார். "விடுப்பா, மனசுல வச்சுக்காதே. இந்த வயசுல ஒரு புது விஷயம் கத்துக்கிட்டே, இல்லையா?"

"ஆமாங்க" என்றார் டிரைவர்.