பச்சைக் குளமும் பீலித் தண்ணீரும்

முகநூலில் யாரோ போட்ட ஒரு படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தேயிலை மலைகளுக்கு நடுவே பெயின்ட் ஊற்றி வைத்தது போல ஒரு பச்சைக் குளம். அதன் கீழே "லுணுகலையில் ஒரு சொர்க்கம்" என்று ஒரு வரி. இத்தனை வருடம் பண்டாரவளையில் இருந்துகொண்டு பக்கத்திலிருக்கும் சொர்க்கத்தைப் பார்க்கவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கடந்த செப்டெம்பரில், மழையில்லாமல் ஊவா மாகாணமே காய்ந்து கிடந்த நேரத்தில், ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். நான் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

காலை 6.10க்குப் பண்டாரவளையில் பஸ் ஏறினால் ஏழரைக்குள் பதுளை. அங்கே இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு 8 மணிக்கு லுணுகலை பஸ்ஸைப் பிடித்தேன். பசறை வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள். அந்த வளைவுகளில் நின்றுகொண்டு போனால் சாப்பிட்ட இடியப்பம் உங்களோடு வராது.

லுணுகலையிலிருந்து குளத்துக்கு ஏழு கிலோமீட்டர். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து 1,800 ரூபாய்க்கு யோகராஜ் அண்ணனின் ஆட்டோ கிடைத்தது. நல்லவேளை, அவருடைய வீடு குளத்தை ஒட்டிய தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றாக, இருந்தது. பாதையில் கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் கல். அவர் பேசிக்கொண்டே ஓட்டினார், நான் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டேன்.

பத்தரைக்குக் குளம் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்: படம் பொய் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருந்தது. கரை முதல் கரை வரை ஒரே பச்சை. காற்று அடித்த பக்கமெல்லாம் அது சுழி சுழியாக, கோலம் போட்டது போல மெல்ல நகர்ந்தது. கரையோரம் அது ஒதுங்கிக் காய்ந்த இடத்தில் மட்டும் வானத்து நீலம். கொக்கு ஒன்று நடந்த தடம் நீருக்கு மேலே கோடாக அப்படியே நின்றது. அழகு என்ற சொல் போதாது. கொஞ்சம் பயமும் கலந்த ஏதோ ஒன்று. கால் மணி நேரம் படம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

பிறகு முகம் கழுவக் குனிந்தேன். அப்போதுதான் வாடை வந்தது. வெட்டிய புல்லைச் சாக்கில் கட்டி அழுக வைத்தது போன்ற வாடை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பாடப் புத்தகத்தில் எத்தனையோ தடவை பார்த்த படம், நேரில் வந்து நின்றும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீலப்பச்சைப் பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் பக்டீரியா. வெயில், அசையாத தண்ணீர், மேலிருந்து கழுவி வரும் உரம் மூன்றும் சேர்ந்தால் பெருகிவிடும். அதில் சில வகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சு வைத்திருக்கும். எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைச் சொன்னபோது யோகராஜ் அண்ணன் கரையின் ஒரு மூலையைக் காட்டினார். போன வாரம் இந்தக் கரையில் ஓர் ஆடு செத்துக் கிடந்ததாம். பாம்பு தீண்டிவிட்டது என்று புதைத்துவிட்டார்களாம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பீலி காஞ்சதுல இருந்து எங்க லயத்துக்கு இதாங்க தண்ணி. நாளைக்குத் திருவிழா சாப்பாடும் இதுலதான்."

பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர். லயத்துக்குப் போனோம். மாரியம்மன் கோயிலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் நான்கு பீப்பாய் நிறையக் குளத்துத் தண்ணீர், வாயில் மஞ்சள் துணி கட்டி. மறுநாள் அன்னதானத்துக்கு முந்நூறு பேர் வருவதாக இருந்தது. நான் வாயைத் திறக்குமுன், மலையிலிருந்து அப்போதுதான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்திருந்த யோகராஜ் அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா, சூடாகத் தேநீர் நீட்டினார்.

தோட்டத்தில் தேநீரை மறுப்பது வீட்டையே மறுப்பது போல. கையில் வாங்கிவிட்டேன், குடிக்க முடியவில்லை. எந்தத் தண்ணீர் என்று கேட்டபோது அக்காவின் முகம் சுருங்கியது. எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்தான் திருவிழாப் பொறுப்பு. அவருக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. வேட்டியை நாலாக மடித்து வடிகட்டியிருக்கிறார்கள், பச்சையை ஒதுக்கி அடித் தண்ணீரை மொண்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொதிக்க வைக்கப்போகிறார்கள். வயிற்றோட்டம் வந்த காலத்திலிருந்து அந்த லயத்தில் கொதிக்காத தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. நாங்கள் ஒழுங்காக இருக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் இருந்த பெருமையே அந்தக் கொதி நீர்தான். "கொதிச்சா எந்தக் கிருமியும் செத்துரும்ங்க சேர்," என்றார் அவர்.

கிருமி சாகும், அதற்குள் இருக்கும் நஞ்சு தண்ணீரில் இறங்கிவிடும், கொதி அதை ஒன்றும் செய்யாது என்று நான் விளக்கிப் பார்த்தேன். மூலக்கூறு, வெப்பநிலை என்று என்னென்னவோ உளறினேன். யாருக்கும் ஏறவில்லை. லெட்சுமி அக்கா என் கையில் ஆறிப்போயிருந்த தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, தேத்தூளக் கொதிக்க வச்சா சாயம் செத்தா போகுது? தண்ணியிலதான எறங்குது. வடிகட்டுனா தூளுதான் நிக்கும், சாயம் நிக்குமா?" என்றார்.

அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பாடசாலையில் எனக்குக் கொடுத்த வெள்ளை ஆய்வுகூடக் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. தலைவர் தானே போய் முதல் பீப்பாயைச் சாய்த்தார்.

லயத்துக் குழாய் வரை எட்டாவிட்டாலும், பீலி தொடங்கும் மேல் மலை ஊற்றில் இன்னும் ஒரு விரல் தடிப்பில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். தோரணம் கட்டியவர்கள், கொழுந்துக் கூடையை இறக்கியவர்கள், மேளக்காரர்கள் எல்லாரும் கேனோடு வரிசையாக ஏறினார்கள். நானும் ஐந்து லீட்டர் கேன் ஒன்றைத் தூக்கி நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றரை மணிக்குக் கழுவிய பீப்பாய்களில் ஒன்றரைதான் நிறைந்திருந்தது. பாயசமும் இரண்டு கறியும் வேண்டாம், சோறும் சாம்பாரும் போதும் என்று முடிவானது. இருட்டும்வரை சுமந்தால் அதற்குக் காணும் என்றார்கள்.

கொஞ்சம் குளத்து நீரைப் போத்தலில் கொண்டுவந்திருந்தேன். திங்கட்கிழமை பாடசாலையில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். உருண்டை உருண்டையாக, பச்சை மணிகளைப் பையில் போட்டுக் கட்டியது போல ஆயிரக்கணக்கில். நஞ்சா இல்லையா என்பதை அந்தக் கண்ணாடி சொல்லாது. ஆனால் நெடுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. இந்த உலகத்துக் காற்றில் முதன்முதலில் உயிர்வாயுவை நிரப்பியவை இவற்றின் மூதாதைகள். அன்று கேனைத் தூக்கிக்கொண்டு மலையேறி நாங்கள் வாங்கிய மூச்சும் அவை தொடங்கி வைத்ததுதான். இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் கைகட்டி நிற்கத்தான் தோன்றியது.

போக நினைப்பவர்களுக்கு: போங்கள், பாருங்கள், தொடாதீர்கள். அந்தப் பச்சையில் இறங்கிக் குளிக்க வேண்டாம், நாயைக் கூட்டிப்போக வேண்டாம், மீன் வாங்க வேண்டாம். வடிகட்டுவதும் கொதிக்க வைப்பதும் உதவாது. குடிநீரைப் பதுளையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இப்படியொரு குளத்தை எங்கே கண்டாலும் அந்தப் பகுதிச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். இங்கே அவர் வந்து தண்ணீர் எடுத்துப்போயிருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. தாமதித்தால் பதுளையில் மாறி ஏற வேண்டிய இரண்டாவது பஸ் கிடைக்காமல் போகலாம், நாலு மணிக்கு லுணுகலை டவுனில் இருங்கள்.

லயத்தில் யாராவது தேநீர் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக் குடியுங்கள். அன்று நான் ஆட்டோவில் ஏறும்போது லெட்சுமி அக்கா மறுபடியும் ஒரு கோப்பையோடு வந்தார். மேலிருந்து இறங்கிய தண்ணீரில் முதலில் அடுப்பேறியது அதுதான். எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பீலித் தண்ணிங்க," என்றார்.