கடலில் கிடந்த நேரம்

அன்று வாங்கிய வசவு எனக்கு வேண்டியதுதான். ஏரலில் கடைக்காரர் வீட்டில் பிறந்த எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் திரேஸ்புரத்து மீன்பிடி வள்ளங்களை ஆய்வு செய்யக் கிளம்பினேன். கடலில் இருக்கும் நேரம் சாரா மாறி, அதாவது காரணம். கிடைக்கும் மீன் சார்ந்த மாறி, அதாவது விளைவு. இப்படி வைத்துக்கொண்டேன். அதிக நேரம் கடலில் கிடந்த வள்ளங்களில் மீன் குறைவாக இருந்தது. கரையில் கூட்டம் போட்டு, “சீக்கிரம் திரும்பினால் மீன் கூடும்” என்று மைக்கில் அறிவுரை சொன்னேன்.

மீன் விற்கும் பெண் ஒருத்தி கூடையை எறிந்துவிட்டு எழுந்தாள். “ஏளா கூறுகெட்டவளே, யாரு சொன்னா ஒனக்கு?”

எனக்கும் சுர்ரென்று ஏறியது. “கணக்கு பொய் சொல்லாதுக்கா” என்றேன்.

“மீனு பட்டா ஒடனே கரைக்கு வந்துருவாவ. படாததுனாலதான் அங்கனயே கெடக்காவ. வெறுங்கையோட வரமாட்டேன்னு கெடந்துதான் எம் புருசன் காத்துல மாட்டிச் செத்தாரு. அவருக்குச் சொல்லு ஒன் கணக்க!”

மன்னிப்புக் கேட்டேன். அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அட்டவணையில் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி எழுத எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை அவளிடம் காட்டுவது?