வெகுளி அட்டை

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, இன்று ஈசிஆர் ரோட்டில் நான்கு தண்ணீர் லாரி வைத்து ஓட்டுகிறேன். நெம்மேலியிலிருந்து திருவிடந்தை வரை எந்த ஓட்டலில் தண்ணீர் தீர்ந்தாலும் முதலில் அடிப்பது என் போன்தான். எழுத்துக் கூட்டக் கற்றதே முன்னால் போகிற லாரிகளின் முதுகைப் பார்த்துத்தான். அப்படிப்பட்டவனை எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் ‘முன்னாள் மாணவர்’ என்று சேர்த்தார்கள். பெருமை, என்னைச் சேர்த்தவர்களுக்குத்தான்.

சேர்ந்ததும் ஒரு புகார் சொன்னேன். நான்காம் வகுப்பு டீச்சர் வெள்ளிக்கிழமையானால் பாடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதுகிறார். இரைச்சல் ரோடு வரை கேட்கிறது. இதற்கா பள்ளிக்கூடம்? நான் இன்னொரு தடவை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். பள்ளித் தொட்டிக்குக் காசு வாங்காமல் தண்ணீர் ஊற்றுகிறவன் பேச்சு அது.

டீச்சர் சின்ன வயசு. செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். முகம் சுண்டிப்போய்ச் சொன்னார்: “ஐயா, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாருங்க. சாயந்தரம் கூட்டத்துல நீங்க வேணாம்னா, அன்னைக்கே நிறுத்திடறேன்.”

போனேன். ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் சணலில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு சொல். ஒரே பொருள் தருகிற நான்கு சொற்கள் ஒரு குடும்பம். வீடு, இல்லம், மனை, அகம் என்கிற மாதிரி. விசில் அடித்ததும் அவரவர் சொந்தத்தைத் தேடிச் சேர வேண்டும். ஐம்பது எண்ணுவதற்குள் ஆறு குடும்பமும் நிறைந்தால் சவுக்குத் தோப்பில் மதியச் சாப்பாடு. ஒரே ஒரு சொல் தனியாக நின்றாலும் மொத்த வகுப்பும் தோல்வி.

அன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். ஓர் அட்டை மிச்சம். டீச்சர் என்னைப் பார்த்தார்.

“குடுங்க டீச்சர். நான் பாக்காத தமிழா?”

மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். வெ-கு-ளி. சிரிப்பு வந்தது. நாற்பது வருடமாக என் வீட்டுக்காரி அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிச் சொல்கிற சொல். சூதுவாது தெரியாதவன்.

விசில் அடித்தது. நேராக அன்பு, நேசம், பாசம் நின்ற இடத்துக்குப் போனேன். அங்கே பரிவும் வந்துவிட்டிருந்தது.

“தாத்தா, எங்க வூடு ஃபுல்லு! வேற வூடு பாரு.”

“நல்ல மனுசன் அன்புல நிக்காம வேற எங்கடா நிப்பான்?”

எதிர் மூலையிலிருந்து மூன்று பிள்ளைகள் கையை ஆட்டிக் கத்தின. கழுத்தில் கோபம், சினம், சீற்றம்.

“தாத்தா! நீ எங்க ஆளு! இங்க வா!”

“நான் இன்னாத்துக்கு கோவத்துல வரணும்?”

“ஐயோ, முப்பத்தெட்டு ஆயிடுச்சு! இன்னா தாத்தா, அங்கயே நின்னுகினு கீற!”

“வெகுளின்னா அப்பாவி! அது தெரியாம இன்னாத்த படிக்கிறீங்க?” என் குரல் எனக்கே பெரிதாகத்தான் கேட்டது.

சீற்றம் மாட்டியிருந்த பெண் இடுப்பில் கை வைத்தாள். “அப்பாவின்னா இன்னாத்துக்குக் கத்துற?”

வகுப்பே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் ஐம்பது. மறுபடி விசில்.

“போச்சு! தாத்தாவால போச்சு!”

இருபத்து மூன்று முகம் என்னை முறைத்தது. லாரி சங்கத் தேர்தலில்கூட என்னை யாரும் அப்படி முறைத்ததில்லை.

டீச்சர் சொன்னார்: “ரெண்டுமே சரிதான் ஐயா. இப்ப பேச்சுல வெகுளின்னா கள்ளமில்லாதவங்க. பழைய தமிழ்ல வெகுளின்னா கோபம். பாடத்துல அதான் இருக்கு.”

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஒரு சொல் இரண்டு வீட்டில் குடித்தனம் நடத்துமாம், அதை எனக்கு யாரும் சொல்ல மாட்டார்களாம், தோற்றது மட்டும் நானாம். பிள்ளைகள் தோப்புக்குப் போகாமல் வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டன. ஒன்றும் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரியிடம் கேட்டேன். “நீ என்னை வெகுளின்னு சொல்றியே, எந்த வெகுளி?”

“இன்னாது?”

“கோவக்காரனா, அப்பாவியா?”

“எது வேணுமோ வெச்சிக்கோ. கை கழுவிகினு வா, சோறு ஆறுது.”

சாயந்தரம் கூட்டம். ஜன்னல் கம்பியில் நான்காம் வகுப்பு மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்த தலை நிமிரவில்லை. விளையாட்டை நிறுத்தலாமா என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார்.

“எப்படி நிறுத்துறது? தோத்துட்டு எழுந்து போன ஆளா நான்? அடுத்த வெள்ளிக்கிழமையும் ஆடணும். எனக்கு அதே அட்ட வேணும்.”

“அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஐயா?” டீச்சர் இப்போது நிமிர்ந்திருந்தார்.

“அது உங்க பாடம், நீங்க நடத்துங்க. இன்னாத்துக்கு என்னக் கேக்குறீங்க? ஒண்ணு மட்டும், விசில மெதுவா ஊதுங்க.”

ஜன்னலில் எழுந்த இரைச்சல் ரோடு வரை கேட்டிருக்கும். நோட்டில் ‘விளையாட்டு தொடரும்’ என்று எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விசில் அடித்ததும் கோபத்தின் மூலையில் முதலில் போய் நின்றவன் நான்தான். மற்ற மூன்று பேரும் பிறகு ஓடி வந்தார்கள். முப்பத்து நான்கில் முடித்தோம். காய்ச்சல் விட்டு வந்த பிள்ளை, அது தன் அட்டை என்று தோப்பு வரைக்கும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தது.