என் மூக்குக்குத் தெரியாத நாற்றம்

தோல் தொழிற்சாலை வேலையை எப்படியாவது தலைமுழுகிவிட வேண்டும் என்றுதான் அந்தப் பழைய பிக்கப் வண்டியை வாங்கினேன். ஆம்பூரில் ஒரு புரோக்கர் காட்டினார்.

"தேங்கா லோடு மட்டும்தான் அடிச்ச வண்டி. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன், டயரைத் தட்டிப் பார்த்தேன். புதுப் பெயின்ட் பளபளத்தது. மனைவியின் நகைகளை விற்று வாங்கிவிட்டேன்.

முதல் வாடகை கணியம்பாடியில், மல்லிகைப்பூ மூட்டைகள். பின்கதவைத் திறந்ததும் பூத்தோட்டத்து அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாப்பா இது? பச்சைத்தோல் நாத்தம் கொடலைப் புரட்டுது! இதுல ஏத்துனா என் பூவை எவன் வாங்குவான்?"

நான் வண்டிக்குள் ஏறி, மண்டிபோட்டு, தரையில் முகத்தை வைத்து முகர்ந்தேன். எனக்கு எதுவுமே தெரியவில்லை. சாவியால் சுரண்டினேன். பெயின்டோடு துருவும் உப்பும் பொருக்காக உதிர்ந்தன. பதப்படுத்தாத பச்சைத்தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு. தொழிற்சாலையில் வருடக்கணக்காக நானே அள்ளிக் கொட்டிய உப்பு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. என் மேலயும் அந்த நாத்தம் அடிக்குதா?"

அவள் திமிரிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல அடிச்சுது. இப்ப எனக்கும் தெரியலங்க."

இன்று அதே வண்டியில், அதே தொழிற்சாலைக்குப் பச்சைத்தோல் ஏற்றுகிறேன். அங்கே மட்டும்தான் என்னைக் கண்டு யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.