மருந்து முன்னால், விஷம் பின்னால்

பேராசிரியர் அருள்மேரி காலமான செய்தி, அறந்தாங்கி நீதிமன்ற வளாகத்தில் நான் நின்றிருந்தபோது கைப்பேசியில் வந்தது. "மேடம் போய்ட்டாங்க சார்" என்றார் அவருடைய துறையில் பணிபுரிபவர். நான் வாதாட வேண்டிய வழக்கு அழைக்கப்பட்டது, உள்ளே சென்றேன்.

விலங்குகளைக் கொண்டு நடத்தும் ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் குழுவில், அறிவியல் சாராத வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். புதுக்கோட்டையில் அருள்மேரி விலங்கியல் கற்பித்த கல்லூரியில் அந்த வெளியாள் நான். பூச்சிமருந்தால் எலிகளின் கல்லீரலுக்கு நேரும் பாதிப்பை, கீழாநெல்லியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் குறைக்கிறதா என்பதே அவருடைய ஆய்வு. "குறைத்தால் அது முறிமருந்துதானே?" என்று முதல் கூட்டத்தில் கேட்டேன்.

"இல்ல சார். நாங்க முதல்ல இதைக் கொடுத்துட்டு, அப்புறந்தான் விஷத்தைக் கொடுக்கிறோம். வயக்காட்டுல விஷம் அப்படி வரிசையில நின்னு வராது."

குழுவினர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஆய்வு முடிந்தபின் ஒரு நாளிதழ், கீழாநெல்லி பூச்சிமருந்து விஷத்தை முறிக்கும் என்று செய்தி வெளியிட்டது. அடுத்த குழுக் கூட்டம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே ஓர் ஆடு நுரை தள்ளிக் கிடந்தது. மருந்தடித்த உளுந்துக் கொல்லையில் மேய்ந்த ஆடு. கொண்டுவந்தவர் வல்லத்திராக்கோட்டைச் சின்னையா.

"காலையிலேருந்து ஒங்க எலையத்தான் அரைச்சு ஊத்துறேன் தாயி. ஒண்ணும் கேக்கல. இன்னும் நாலு உருப்படி வீட்டுல நடுங்கிக்கிட்டு நிக்குது."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பேப்பர்லயே போட்டுருக்காக. அப்பறம் டாக்டரு எதுக்கு?"

அருள்மேரி கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நேராகச் சின்னையாவின் வீட்டுக்கு வரச் சொன்னார். அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நான் பின்தொடர்ந்தேன். ஆட்டோவில் கிடந்த ஆடு வழியிலேயே இறந்தது. வீட்டில் நின்றவற்றுக்கு ஊசி போடப்பட்டது. மாலைக்குள் அவை தலைதூக்கின.

"எலை ஒத்துக்கலையோ?" என்று கேட்டார் சின்னையா.

"கொன்னது விஷந்தான். எலைய நம்பி உக்காந்ததுல நேரம் போயிருச்சுங்க" என்றார் அருள்மேரி.

அவர் அனுப்பிய மறுப்பை அந்த நாளிதழ் வெளியிடவில்லை. அதன்பின் தம் ஆய்வு குறித்துத் தமிழில் எழுதியவற்றிலெல்லாம், இது சிகிச்சை அன்று என்பதையே முதல் வரியாக வைத்தார். "இப்படி ஆரம்பிச்சா யாரு மேடம் படிப்பா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். "ஆடு வச்சிருக்கவுக படிச்சாப் போதும்" என்றார்.

இப்போது நகரில் ஒட்டப்பட்டுள்ள இரங்கல் சுவரொட்டிகள் அவரை 'விஷமுறிவு கண்ட பேராசிரியர்' என்கின்றன. அன்பினால் எழுதியதே, ஆயினும் உண்மையன்று. முன்கூட்டிக் கொடுத்தால் எலிகளில் பாதிப்பு குறைகிறது என்பது மட்டுமே அவர் கண்டது. தாம் அறிந்தது எங்கே முடிகிறதோ, அங்கேயே நிறுத்திக்கொள்ளும் அவருடைய பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அவரை அறிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தச் சுவரொட்டியைப் படித்துவிட்டு எவரேனும் இலை அரைக்க உட்கார்ந்தால், முதலில் கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள்.