அகலத் திரையில் ஒரு கல்யாணம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் லேப்டாப் விற்ற கடைக்கு அவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். காக்கிச் சட்டை, கையில் கைக்குட்டையில் பொதிந்த ஒரு சிடி. மகனின் டைப்பிங் வேலைக்கும் வீட்டில் படம் பார்க்கவும் ஒன்று வேண்டுமாம். எதைக் காட்டினாலும் விலைகூடக் கேட்காமல் அந்த சிடியைப் போடச் சொல்வார். மகளின் கல்யாண வீடியோ. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள், புதிதாக வந்திருந்த விலை குறைந்த அகலத்திரை லேப்டாப்பில் போட்டேன். பழைய வீடியோ என்பதால் படம் பக்கவாட்டில் இழுபட்டு, மணப்பெண்ணிலிருந்து நாதஸ்வரக்காரர் வரை எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள்.

“இருங்க சேட்டா, சரியாக்கித் தர்றேன்” என்று ஒரு பட்டனை அழுத்தினேன். எல்லோரும் மெலிந்தார்கள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டா மோனே, முன்ன இருந்த மாதிரியே மதி, அது போதும்.” மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த பெண்ணைக் காட்டினார். “என் வீட்டுக்காரி. அப்ப சுகமில்லாம எலும்பும் தோலுமா இருந்தா. அதுல பாத்தியா, கன்னமெல்லாம் வச்சு நல்லாருந்தா.”

மறுபடி பட்டனை அழுத்திப் பழையபடி ஆக்கினேன். அந்த லேப்டாப்பையே வாங்கினார். கிளம்பும்போது, நான் அழுத்திய பட்டன் எது என்று கேட்டார். காட்டினேன்.

“வீட்டுல யாரையும் இத தொட விடக் கூடாது” என்றார்.

இத்தனை வருடத்தில் யாராவது தொட்டிருப்பார்களோ என்று எனக்கு இன்னும் ஒரு கவலை.